மில்டூராவிலிருந்து ஜெரால்டனுக்கு மூன்று மணி ஐம்பது நிமிடம்

காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் நான் செய்கிற வேலை ஒன்று இருந்தது. கைபேசியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு கட்டத்தில் மில்டூரா என்றும் அடுத்த கட்டத்தில் ஜெரால்டன் என்றும் தட்டுவேன். இரண்டும் ஆஸ்திரேலியாவின் சின்ன விமான நிலையங்கள். ஒன்று கிழக்கே, திராட்சையும் ஆரஞ்சும் விளையும் ஆற்றங்கரை ஊர்; நாங்கள் இருப்பது அங்கே. மற்றது மேற்குக் கடற்கரையில், காற்றுக்கு மரங்கள்கூட ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வளரும் ஊர். எங்கள் ஒரே மகள் நிவேதா இருப்பது அங்கே. அந்தப் பக்கம் ஒரு நொடியில் பதில் சொல்லும். தூரம் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு கிலோமீட்டர். பறக்கும் நேரம் மூன்று மணி ஐம்பது நிமிடம். நேற்று இருந்த தூரம்தான் இன்றைக்கும் இருக்கும் என்று தெரியாதவள் இல்லை நான். முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை செய்கிறேன், இருபது பேருக்கு அளவு தவறாமல் மருந்து கொடுக்கிறேன். ஆனாலும் ஒன்றரை வருடம் தினமும் பார்த்தேன். மூன்று மணி ஐம்பது நிமிடம் என்று படித்த பிறகுதான் டீத்தூளைப் போடக் கை போகும்.

எங்கள் காஞ்சிபுரத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் பிறந்தது செவிலிமேடு. வாழ்க்கைப்பட்டது பிள்ளையார்பாளையத்தில், தறி போட்ட வீட்டில். பிறந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்றால் ஒரு டவுன் பஸ். சின்ன காஞ்சிபுரத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ. சென்னைக்கு, தாம்பரம் நெரிசலையும் சேர்த்து, ஒரு காலை நேரம். மில்டூராவில் உள்ளவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பது வந்த புதிதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அடிலெய்ட் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நாலரை மணி நேரம் என்பார்கள், கடைக்குப் போய்வருகிற குரலில். சின்ன ஊரில்தான் வசிக்க வேண்டும் என்கிற நிபந்தனை விசாவில் ஒன்பது வருடத்துக்கு முன் வந்தோம். ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்தே பழகாத பாலாற்றங்கரைக்காரி நான், கரை தளும்பப் போகும் ஒரு நதிக்குப் பக்கத்தில் குடியேறினேன். என் கணவர் ஆரஞ்சு பெட்டி போடும் கொட்டகையில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறார்.

நிவேதாவுக்கு ஜெரால்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தபோது, போகட்டுமா வேண்டாமா என்று வீட்டில் மூன்று நாள் பேச்சு. அப்போதுதான் இந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். நேரத்தைப் படித்ததும் என் கணவர் சிரித்தார். "மூணு அம்பதா? நம்மூர்ல இருந்தப்ப சென்னைக்குப் போயி, டிராபிக்ல நின்னு, பொடவை சரக்கைக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்து சேர அதவிட அதிகம் ஆவுமே மஞ்சு. போகட்டும் வுடு." நானும் அந்த எண்ணை நம்பித்தான் சரி என்றேன். முதல் தடவை டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்படி ஒரு விமானமே கிடையாது. அந்தப் பக்கம் சொன்னது கணக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, அதன்மேல் ஒரு விமானம் பறந்தால் ஆகிற நேரம். உண்மையில் மில்டூராவிலிருந்து மெல்பர்ன், மெல்பர்னிலிருந்து பெர்த், பெர்த்திலிருந்து ஜெரால்டன். மூன்று விமானம், இரண்டு காத்திருப்பு, ஒரு முழுப் பகல். ஒன்று தவறினால் அடுத்த நாள். தெரிந்த பிறகும் நான் அந்தப் பழைய எண்ணைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். அவசரம் என்று ஒன்று வந்தால் எங்கிருந்தாவது அந்த நேர்கோட்டில் ஒரு விமானம் வந்துவிடும் என்பதுபோல.

அவசரம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. நிவேதாவின் குரல் தொலைபேசியில் மெலிந்து கேட்டது. சனிக்கிழமையிலிருந்து வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், குடல்வால் வீங்கிச் சீழ் பிடித்திருக்கிறது. மருந்து ஏற்றுகிறார்கள், திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு ஆபரேஷன்.

"அம்மா, நீ வந்துடுவ இல்ல? எனக்கு மயக்க மருந்துன்னாலே பயம்னு உனக்குத் தெரியும்."

"வந்துடுவேன்டி. காலைல ஒம்பது பத்துக்கு பிளைட். நாலு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன்."

"உள்ள போறதுக்கு முன்னாடி கையப் பிடிச்சிக்கணும். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விமானத்தில் இடமில்லை. காரில் அடிலெய்டுக்குப் போய் அங்கிருந்து பிடிக்கலாமா என்று கணவர் கேட்டார். இருட்டும் நேரத்தில் அந்தச் சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும்; இரண்டு நாள் வேலை செய்து கண் சிவந்திருந்த மனிதரை ஓட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று விமானமும் நேரத்துக்குப் போனால் ஆபரேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அவள் பக்கத்தில் இருப்பேன்.

நர்ஸாக இருப்பதில் ஒரு கெடுதல், எது எப்படிக் கெட்டுப்போகலாம் என்பது வரிசையாகத் தெரியும். அன்று பெட்டி அடுக்கும்போது எனக்கு அவள் பிறந்த நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. எனக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் தெருவே நின்றது. தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்த கொழுந்தனார், மடியில் நூல் ஒட்டிய நாத்தனார், செவிலிமேட்டிலிருந்து சைக்கிளில் வந்த என் அண்ணன். "இன்னாமா இது, திருவிழாவா? பாதிப் பேர் வெளியில போங்க," என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். யாரும் நகரவில்லை. அப்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருத்தி பிள்ளை பெறுவதற்கு இத்தனை பேரா என்று. என் மகள் மறுநாள் இன்னொரு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாகப் போக நேர்ந்துவிட்டால் என்ற எண்ணம் வந்ததும் அந்தக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை எழுதியதில்லை. படிப்பவர்களில் சிலருக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும். கிளம்பவேண்டிய நேரம் ராகுகாலமாக இருந்தால், அதற்கு முன்பே நல்ல நேரத்தில் ஒரு பையையோ துணியையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் வைப்பது என்று பெயர். பை கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்திலும் போய் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம். என் மாமனார் பெங்களூருக்குப் புடவை கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு மஞ்சள் பையை எதிர்வீட்டு நாயுடு அம்மாவிடம் வைப்பார். அந்த அம்மா எதுவும் கேட்காது. பையை மாடத்தில் வைத்துவிட்டு, அவர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுத்து "போயி ரண்டி" என்று தெலுங்கில் போய்வரச் சொல்லி அனுப்பும். கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

எங்கள் சமையலறையில் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் வருடாவருடம் யார் பெட்டியிலாவது போட்டு அனுப்பும் தினசரி காலண்டர் தொங்குகிறது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது எட்டேகால். நான் சாமி ரொம்ப பார்க்கிறவள் இல்லை. இந்த ஒன்பது வருடத்தில் ராகுகாலத்தில் எத்தனையோ தடவை வேலைக்குப் போயிருக்கிறேன். ஆனால் இது மகளின் ஆபரேஷன். எதையும் விட்டுவைக்க மனம் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு ஒரு துணிப்பையில் நான் துவைத்து மடித்த பழைய பட்டுப்புடவை ஒன்றையும், ஒரு மஞ்சள் கிழங்கையும், குங்குமப் பொட்டலத்தையும் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. இங்கே ஜூலையில் சூரியன் வர ஏழே முக்கால் ஆகிவிடும்.

என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். "இன்னா மஞ்சு இது? ராகு நம்ம கூடவே விசா எடுத்துக்கினு வந்துட்டானா?"

"சும்மா இருங்க. பக்கத்து வீட்ல வெச்சிட்டு வந்துடறேன். போற வழியில எடுத்துக்கலாம்."

"சூரியனே இன்னும் எழுந்திரிக்கல. ராகு மட்டும் அலாரம் வெச்சிக்கினு எழுந்துட்டானாம்."

அவர் விளையாட்டாகச் சொன்னது சரியான கணக்கு என்பது பல வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. எங்கள் ஊரில் ஆறு மணிக்கு விடியும், அதனால் ஏழரை. மில்டூரா குளிர்காலத்துக்கு எண்ணினால் அன்றைக்கு அது ஒன்பது மணிக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்திருக்கும். எட்டேகாலுக்கு நாங்கள் கைவீசிக் கிளம்பியிருக்கலாம்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் பிரையன். எழுபது வயது இருக்கும். திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டுத் தனியாக இருக்கிறார். எங்கள் குப்பைத் தொட்டியைச் சொல்லாமலே தெருவில் இழுத்து வைப்பவர். நிவேதாவின் செய்தியையும் எங்கள் காலை விமானத்தையும் முன்தினமே அவரிடம் சொல்லியிருந்தேன். கதவைத் தட்டியதும் கம்பளிச் சட்டையோடு வந்தார். பையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"பிரையன், இந்தப் பை எங்களுக்கு முன்னால் போக வேண்டும். நாங்கள் பின்னால் வந்து எடுத்துக்கொள்வோம்."

"உங்களுக்கு முன்னால்," என்றார் அவர்.

"ஆமாம். ரொம்ப முக்கியம்."

"மகளுக்காகவா?"

"மகளுக்காக."

அவர் பையை நெஞ்சோடு அணைத்து வாங்கிக்கொண்டார். "கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார். நாயுடு அம்மாவைப் போலவே ஒன்றும் கேட்கவில்லையே என்று எனக்குச் சந்தோஷம்.

எட்டேகாலுக்குப் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு அவர் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அவருடைய வண்டி இல்லை. கைபேசிக்கு அடித்தேன், மணி வீட்டுக்குள்ளேயே, சமையலறை மேடையிலிருந்து கேட்டது. பால் வாங்கப் போயிருப்பார், இதோ வந்துவிடுவார் என்றேன். எட்டு இருபத்தைந்து ஆயிற்று. விமான நிலையம் பன்னிரண்டு நிமிட ஓட்டம்.

"மஞ்சு, வா. போலாம்."

"அஞ்சு நிமிஷம்."

"பையில இன்னா கீது? டிக்கெட்டா? மருந்தா?"

"பரஸ்தானம் வெச்சதை விட்டுட்டுப் போகக் கூடாதுங்க. அது வெக்காம போறதவிட மோசம்."

"யார் சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்கும் தெரியவில்லை. யாரும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் வைத்த பை எடுக்க வரும்போது இல்லாமல் போனதே கிடையாது; அப்படி ஆனால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. நான் அந்தக் குளிரில் பிரையனின் வாசலில் நின்றேன். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் போயிருப்பேன். அவர் திட்டவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. எட்டு ஐம்பதுக்கு நானே காரில் ஏறினேன்.

விமான நிலையத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பது இரண்டு. சின்னக் கூடம்தான், பதிவு செய்யும் மேடை மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானத்தின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் பிரையன் நின்றிருந்தார், என் துணிப்பையை நெஞ்சோடு பிடித்தபடி. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"முடிந்தவரை அவர்களை நிறுத்தி வைத்தேன்," என்றார். "எங்கே போனீர்கள்? ஏழரையிலிருந்து இங்கே நிற்கிறேன்."

எங்களுக்கு முன்னால் போக வேண்டும் என்று சொன்னேன். முன்னால் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த விமானம் ஒன்றரை மணிக்கு. அதில் மெல்பர்ன் போய்ப் பெர்த்தில் இறங்கும்போது அங்கே இரவு ஏழு. அன்றைக்கு ஜெரால்டன் போகும் கடைசி விமானம் நிரம்பியிருந்தது. நிவேதாவை உள்ளே கொண்டுபோன ஐந்தரை மணிக்கு நாங்கள் நாட்டின் நடுவே எங்கோ ஆகாயத்தில், கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மெல்பர்னில் ஏறுவதற்கு முன் அவளிடம் பேசினேன். பிளைட் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். "சரிம்மா. பரவால்ல. கெர்ரி இருக்கா," என்றாள். கெர்ரி அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பெண், அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியை.

பெர்த்தில் இறங்கிக் கைபேசியைத் திறந்ததும் கெர்ரியின் செய்தி இருந்தது. நினைத்ததைவிட உள்ளே அதிகம் பரவியிருந்ததாம், குடலில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார்கள், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, தூங்க வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு என் கணவர் "இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "பார்த்துக்கறாங்கன்னு அர்த்தம்," என்றேன். செவ்வாய்க்கிழமை காலை முதல் விமானத்தில் இரண்டு இருக்கை கிடைத்தது.

அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே பச்சையாய்க் கிடந்த கோதுமை வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேகமே இல்லை. இறங்கியதும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நெட்டையாக ஒரு பெண் நின்றிருந்தாள். காணொளியில் பார்த்த முகம், கெர்ரி. அவள் ஓடி வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள். நான் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"அவள் இருக்கிறாள்," என்றாள் முதலில். அதற்கு நான் அவளுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். "ஆனால் இங்கே இல்லை. பெர்த்துக்கு மாற்றிவிட்டார்கள், மருத்துவ விமானத்தில். நீங்கள் ஏறியிருப்பீர்கள், உங்கள் போன் அணைந்திருந்தது."

எந்த விமானமும் எனக்காக நேர்கோட்டில் பறக்கவில்லை. என் மகளுக்காக ஒன்று பறந்திருக்கிறது. நாங்கள் வடக்கே வரும்போது அது தெற்கே போயிருக்கிறது. அந்தப் பச்சை வயல்களுக்கு மேலே ஏதோ ஓரிடத்தில் நானும் என் மகளும் ஒருவரையொருவர் கடந்து போயிருக்கிறோம், அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான் திறந்துகொண்டு.

திரும்பிப் போக பிற்பகல்தான் இடம் கிடைத்தது. அதுவரை கெர்ரி எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மேசைமேல் ஒரு உறை இருந்தது. அதில் நிவேதாவின் தோடு, மூக்குத்தி, கொலுசு. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்களாம். மூக்குத்தியின் திருகாணி இறுகிக்கொண்டதால் கெர்ரி சோப்பு நுரை போட்டுக் கழற்றியிருக்கிறாள். "கதவுவரை கையைப் பிடித்துக்கொண்டு போனேன்," என்றாள். "தமிழில் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரியவில்லை. ஆமாம் ஆமாம் என்று சொன்னேன்." அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அந்தச் சத்தத்தையாவது சொல்லிக் காட்டு என்று கேட்க வாய் வரவில்லை.

பெர்த்தில் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மூன்றாம் நாள் வாயிலிருந்த சுவாசக் குழாயை எடுத்தார்கள். நான் பார்த்துப் பார்த்துப் பழகிய எல்லாமே அவள் படுக்கையைச் சுற்றி இருந்தன. ஒவ்வொரு எண்ணும் எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அங்கே என்னை யாரும் எதையும் தொட விடவில்லை. நான் அங்கே நர்ஸ் இல்லை, அவள் கால்மாட்டில் நிற்கும் ஒரு அம்மா. அதற்கு நடுவில் ஒரு நாள் பிரையன் அழைத்தார். "அந்தப் பை சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? அதில் டாக்டருக்கான காகிதங்களா?" என்று கேட்டார். தன்னால்தான் ஏதோ கெட்டுவிட்டதோ என்று அவருக்குப் பயம். ஆமாம், போய்ச் சேர்ந்தது, உங்களுக்கு நன்றி என்றேன். அந்தப் பொய்யை இன்னும் திருத்தவில்லை. திருத்தினால் பையில் இருந்தது ஒரு புடவைதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

மகளிடம் பொய் நிற்கவில்லை. பத்தாம் நாள், சாதாரண வார்டில், தயிர்சாதம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"ஏம்மா ப்ளைட் மிஸ் ஆச்சு? நீ எதுக்குமே லேட்டா போமாட்டியே. ஸ்கூல் மீட்டிங்குக்கே அரை மணி நேரம் முன்னாடி வந்து நிப்ப."

என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராகுகாலம், பை, பிரையன் வாசலில் நின்றது. சொல்லும்போது எங்கேயும் என் கணவரைச் சேர்க்கவில்லை. அவள் முதலில் சிரித்தாள். தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பையில இன்னாம்மா இருந்தது?"

"ஒரு பழைய புடவை."

"எது?"

"அரக்கு. பச்சை பார்டர். அப்பா வூட்டுத் தறியில நெஞ்சது."

அவள் சிரிப்பு நின்றது. கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. "நான் அங்க கதவையே பார்த்துக்கினு இருந்தேம்மா," என்றாள். "நீ வரமாட்டேன்னு தெரிஞ்சும் பார்த்துக்கினு இருந்தேன். அவ்ளோதான்." கோபமாகச் சொல்லவில்லை. எப்போதோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்தினம் ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். பிலிப்பினோ பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். காய்ச்சல் வந்தால், மயக்கம் வந்தால், உடனே வந்து பார்க்கக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும் வேண்டும் என்றாள். பழைய பதிவில் என் பெயர் இருந்தது. "அம்மாவின் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். நிவேதா என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி என் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டுக் கெர்ரியின் பெயரை எழுதினாள்.

"கோச்சிக்காதம்மா. பத்து நிமிஷத்துல வர்றவங்களத்தான் எழுதணும்."

"சரிதான்டி. நானும் எங்க இடத்துல அப்படித்தான் கேப்பேன்."

உண்மைதான். எங்கள் முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவர் கோப்பிலும் இந்த இடத்தை நிரப்புவது என் வேலை. சிட்னியில் மகன் இருக்கிறான், லண்டனில் மகள் இருக்கிறாள் என்று கிழவிகள் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் இருக்கட்டும், கூப்பிட்டால் உடனே யார் வருவார்கள் என்று நான் கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன். அந்தக் கொஞ்ச நேர யோசனையில் அவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மில்டூராவுக்கு வந்துவிடு, இங்கேயும் பள்ளிகள் இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்தோம். அப்பா கேட்டார், பிறகு நான் தனியாகக் கேட்டேன். "என் க்ளாஸ் பசங்க எனக்கு கார்டு அனுப்பியிருக்காங்கம்மா," என்றாள். அது பதில் இல்லை, ஆனால் அதுதான் பதில். பதினேழாம் நாள் காலை கெர்ரி வந்து அவளை அழைத்துப்போனாள். பெர்த் விமான நிலையத்தில் அவர்களுக்கு ஒரு வாசல், எங்களுக்கு வேறு வாசல். கெர்ரி அவள் பெட்டியையும் தன் பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். நிவேதா மூக்குத்தியை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. உறையை என்னிடமிருந்து வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கையை அசைத்தபோது மெதுவாக, வயிறு இழுக்காத அளவுக்கு அசைத்தாள்.

மெல்பர்னுக்குப் போகும் விமானத்தில் என் முன் இருக்கையின் முதுகில் ஒரு சின்னத் திரை இருந்தது. பக்கத்தில் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் படம் எதுவும் போடாமல் வரைபடத்தையே வைத்திருந்தேன். விமானம் பெர்த்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது, மெல்பர்னுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று இரண்டு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது. ஏறுகிற எண்ணைப் பார்த்தால் மகளை விட்டு விலகுவது தெரிந்தது. இறங்குகிற எண்ணைப் பார்த்தால் என் வேலை, என் வீடு, நாளை காலை ஏழு மணிக்கு எனக்காகக் காத்திருக்கும் இருபது பேர். காஞ்சிபுரம் அந்தப் படத்தில் இல்லை. அது மேல் விளிம்புக்கும் மேலே எங்கோ இருந்தது. இரண்டு மணி நேரம் போல ஆனபோது இரண்டு எண்களும் ஒன்றாகி ஒரு நிமிஷம் நின்றன. ஜன்னல் மறைப்பைத் தூக்கிப் பார்த்தேன். கீழே கடல். ஒரு தீவு இல்லை, ஒரு படகு இல்லை.

கணவர் கண்ணைத் திறந்தார். "எங்க வந்துக்கினு இருக்கோம்?"

திரையில் நீலத்தின் மேல் விமானத்தின் உருவம் மட்டும் இருந்தது. பக்கத்தில் எந்த ஊரின் பெயரும் இல்லை.

"நடுவுல," என்றேன்.